வலது தோளில் முந்தானை

"இருபது கேட்டுல பச்சைக் கொடி காட்டுன மனுசன், இந்த ஒரு கேட்டு எந்த ஊருன்னு தெரியலங்கிறாரு. ஏன் அப்பு, பென்சனைத் திருப்பிக் குடுத்துருவமா?"

போனுக்குள்ளிருந்து, கூட வேலை பார்த்த ஆண்டனிராஜின் குரல் சிரித்தது. ஆரோக்கியதாஸ் சிரிக்கவில்லை. போனை வாயருகே கொண்டுபோய்ப் பதிலைப் பேசி அனுப்பினார்.

"கரூருக்கு அங்கிட்டுன்னு சொல்லிட்டேன். திண்டுக்கல்லு கிடையவே கிடையாது. எழுதி வச்சுக்க."

எதிரில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி புஷ்பமேரி நிமிரவில்லை.

பத்து நாளாக இதே கூத்து. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். எண்பத்தைந்தில் ஒரு வெள்ளைக்காரர் எடுத்ததாம். கரிவண்டியின் கடைசிப் பெட்டி தூரத்தில் புகைக்குள் மறைகிறது. இந்தப் பக்கம் மூடின ரயில்வே கேட். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கூம்புக் கோபுரம். சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைகிற இரண்டு பேர். பக்கத்தில், தகரப்பெட்டியோடு நிற்கிற ஒரு பெண். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஊரைக் கண்டுபிடிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பொன்னாடை என்று அறிவித்திருந்தார்கள்.

புஷ்பமேரிக்குப் பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதே திண்டுக்கல்லின் நாகல் நகர் கேட். பாலம் வருவதற்கு முந்தியது. அந்தப் பெண் அவள்தான்.

ஆண்கள் தண்ணீர்த் தொட்டியின் கால்களை எண்ணினார்கள். கோபுரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. படம் இடவலமாக மாறி அச்சாகியிருந்தது. ஒரு கண்ணாடியில் காட்டினால் போதும், தொட்டியும் கோபுரமும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். பிறகு ஊர் தெரியும். ஊர் தெரிந்தால், யார் இந்தப் பெண், பெட்டியோடு எங்கே கிளம்பினாள் என்று பேச்சு வரும்.

அவளுக்கு அப்போது கல்யாணமாகி மூன்றாவது மாதம். கிளம்பியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பேசவும் இல்லை. பேசியதெல்லாம் சோறு, டூட்டி, வீட்டுச் சாவி, இவற்றைப் பற்றித்தான். ஒரு புதன்கிழமை அவர் அம்பாத்துறைப் பக்கம் கேட் டூட்டிக்குப் போனதும், அவள் திருச்சி வண்டிக்கு நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. வழியில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போனது. போன பிறகும் திறக்கவில்லை. திறந்தபோது திருச்சி வண்டி ஸ்டேஷனை விட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

அந்தக் கேட்தான் தன்னை நிறுத்தியது என்று நாற்பது வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன் மறுபடி பேசியது. ஆண்டனிராஜ்தான்.

"வண்டி கடந்து போயாச்சு, கேட்டு மூடியே கெடக்கு. அந்தப் பொம்பள எம்புட்டு நேரமா நிக்கிதோ பாவம். எந்தத் தூங்குமூஞ்சி அங்க டூட்டி பாத்தான்னு தெரிஞ்சா ஊரைக் கண்டுபிடிச்சுரலாம்."

 ஆரோக்கியதாஸ் போனை மேஜைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் போகல."

"ஏன்? வருசா வருசம் போறதுதான?"

"அம்புட்டுப் பேரும் இதையே சொல்லிச் சிரிப்பாய்ங்க. முப்பது வருசம் கேட்டுக்காரனா இருந்துட்டு இது தெரியலையான்னு."

புஷ்பமேரி ஒரு வெங்காயத்தைத் தேவைக்குமேல் உரித்துவிட்டாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த மனிதர் இதற்குமுன் எதற்கும் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை, இப்படி அவமானப்பட்டும் பார்த்ததில்லை. தன் மானத்தையும் அவர் மானத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, அந்தப் படம் திரும்பிக் கெடக்கு."

அவர் பார்த்தார்.

"அந்தப் பொம்பள சேலையப் பாருங்க. நம்ம பக்கம் யாரு வலது தோள்ல போடுறா? கண்ணாடியில காட்டிப் பாருங்க. நாகல் நகர் கேட்டு."

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும்."

"தெரியுமா? பெறகு எதுக்குப் பத்து நாளா கரூரு கரூருன்னு கத்துனீங்க?"

"கரூராவே இருக்கட்டும்."

அவர் ஒரு தடவை அண்ணாந்து பரணைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்களைப் போட்டு வைத்திருந்த பழைய தகரப்பெட்டி அங்கே இருந்தது.

புஷ்பமேரி சேரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 

"அன்னைக்கு உங்களுக்கு அம்பாத்துறை டூட்டியில்ல?"

"நாகல் நகர் கேட்டுல இருந்த ஒச்சப்பனுக்குக் காய்ச்சல். என்னைய இங்க மாத்திவிட்டாங்க. கேட்டு ரூமு சன்னல் வழியா நீ பெட்டியோட நிக்கிறதப் பாத்தேன்." வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "வண்டி போனதுக்கப்புறமும் இருபது நிமிசம் தொறக்கல. மெமோ குடுத்தாய்ங்க, பதில் எழுதல."

"என்னைய நிறுத்தவா அம்புட்டு நேரம் மூடி வச்சீங்க?"

"மூடுனா யாரு நிக்கிறா? எல்லாரும் அடியில குனிஞ்சு போய்க்கிட்டுத்தான் இருந்தாய்ங்க," என்றார் அவர், வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ குனிஞ்சு போக மாட்டேன்னு தெரிஞ்ச பெறகுதான் தொறந்தேன்."