அணியத்தில ரெண்டு தட்டு

"உந்த வள்ளத்தை வித்துத் துலையுங்கோப்பா! ஏலாத காலோட தனியப் போறியள். ஆர் உங்களைத் தள்ளி விடுறது?"

"அது போகுது. நீ தேத்தண்ணியைத் தா."

நாயாற்றுக் கிராமத்தில யூலிற்றாவுக்கும் புருசன் மரியநேசனுக்கும் காலமையில இதுதான் சண்டை. அவருக்குச் சண்டை பிடிக்கவும் களைப்பு.

யுத்த நேரம் அவரும் கூட்டாளி கொலின்ஸும் காயக்காரரை வள்ளத்தில ஏத்தி, களப்புத் தண்ணிக்கு அங்கால கொண்டுபோய் விட்டவை. ஒருத்தர் ஓட்டுவார். மற்றவர் கரையில நிண்டு தள்ளி, வள்ளத்தின்ர முன்பக்கம், அணியத்தில, ரெண்டு தரம் தட்டுவார். தட்டுக் கேட்டால்தான் எஞ்சினை இழுக்கிறது. ஒருநாள் ஷெல் விழுந்துகொண்டிருக்க மரியநேசன் ஓட்டுற முறை வந்தது.

"மச்சான், உனக்குப் பிள்ளையள் இருக்குது. நீ நில், நான் போட்டு வாறன்" எண்டு கொலின்ஸ் ஏறினவர். கடைக்குப் போறமாதிரித்தான் சொன்னவர். மரியநேசன் தள்ளி, தட்டினார். அந்த வள்ளம் திரும்பி வரேல்ல.

போன கிழமை யூலிற்றா அவருக்குப் பின்னால கரைக்குப் போய்ப் பாத்தா. மரியநேசன் வள்ளத்துக்குள்ள, எஞ்சினுக்குப் பக்கத்தில இருந்தார். கரையில ஒருத்தரும் இல்லை. வள்ளம் மெல்லத் தண்ணிக்குள்ள இறங்கினது. அணியத்தில ரெண்டு தட்டுக் கேட்டது. அவர் எஞ்சினை இழுத்தார்.

அவர் திரும்பி வந்தபிறகு, மீன் வெட்டேக்க யூலிற்றா சண்டை பிடிக்கேல்ல.

"அண்டைக்குக் கொலின்ஸ் ஏத்திக்கொண்டு போன காயக்காரர் கரை சேந்தவையோப்பா?"

"தெரியாது. அது தெரிஞ்சால் நானும் வள்ளத்தை வித்துப்போட்டு இருந்திடுவன்."

அண்டைக்குக் கொலின்ஸோட போன ஆராவது இதை வாசிச்சால், கீழ ஒரு வரி எழுதுங்கோ. மனுசனுக்கு வயசு போகுது.