திறந்து கிடந்த பக்கம்

"இன்னொரு தடவை டிரையர் நின்னுச்சுன்னா, மேனேஜர் துரை என்னைத் தோட்டத்து லைன் வீட்டை விட்டே கிளப்பிருவாரு மிஸ்."

டிரையரை ஓட்டும் காளியண்ணன் சொன்னதைக் கேட்டும் நவமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஈப்போவிலிருந்து கணினி எஞ்சினியரான அவளை வரவழைத்ததே இதற்குத்தான். தேயிலை உலர்த்தும் டிரையரைக் கணினியோடு இணைத்ததிலிருந்து, ஓடும்போதே அது தானாக நின்றுவிடுகிறது. உள்ளே கிடக்கும் தேயிலை கருகுகிறது. எந்தப் பொத்தானையும் தொடவில்லை என்று காளியண்ணன் சத்தியம் செய்தும் துரை நம்பவில்லை. வேலை போனால் இந்த வயதில் ரிங்லெட்டில் போய் யார் தோட்டத்தில் முட்டைக்கோஸ் தூக்குவது?

ஃபேக்டரி ஆட்கள் வேறு காரணம் சொன்னார்கள். போன வருஷம் டிரையர் சங்கிலியில் மாட்டிச் செத்த சிங்காரம்தான் நிறுத்துகிறானாம். அவன் மனைவி ருக்குமணிதான் இப்போது அங்கே கூட்டிப் பெருக்குகிறாள். இந்தப் பேச்சை யார் எடுத்தாலும் விளக்குமாற்றோடு நகர்ந்துவிடுவாள்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல லா அண்ணே," என்றாள் நவமணி. "இந்தக் கம்ப்யூட்டரோட ஞாபகம் பூரா புஸ்தகம் மாதிரி பக்கம் பக்கமா இருக்கு. எந்தப் பக்கத்துல யார் எழுதலாம்னு ஒரு அனுமதி உண்டு. டிரையரை ஓட்டுற பக்கத்துல, கம்ப்யூட்டரையே ஆளுற மூல புரோகிராம் மட்டுந்தான் எழுதணும். இங்க யாரும் எழுதலாம்னு திறந்து போட்டிருக்கானுங்க. எவனோ வந்து 'நிறுத்து'ன்னு எழுதிட்டுப் போறான்."

"பூட்டிருங்க மிஸ்."

மதியத்துக்குள் பூட்டிவிட்டாள். டிரையர் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி எழுந்தது. எழுத முயற்சி. அனுமதி மறுக்கப்பட்டது.

"வந்துட்டான் பாருங்க. இனிமே வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

டிரையர் நிற்கவில்லை. முதுகிலிருந்து கூடையை இறக்கி வைத்தவன்போல் காளியண்ணன் மூச்சு விட்டான்.

அதே வரி மறுபடி வந்தது. மறுபடியும். பிறகு திரை நிறைய அதுவேதான், கதவில் விழுந்து அடித்துக்கொள்கிறவனைப் போல.

எந்த புரோகிராம் இப்படி முட்டுகிறது என்று காளியண்ணன் கேட்டான். நவமணி தேடினாள். எழுத வந்ததற்குப் பெயர் இல்லை. மூல புரோகிராமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வரிகள் நிற்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு வற்றிப்போனது.

அப்போது இரைச்சலை மீறி, டிரையருக்கு அடியிலிருந்து ருக்குமணியின் குரல் வந்தது. காளியண்ணனை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இந்தக் குரல் வேறு. அதில் பயம்கூட இல்லை, ஒரு சிணுங்கல்தான் இருந்தது.

"என்னங்க, சேலையைச் சங்கிலி இழுக்குது. நான் உள்ள குனிஞ்சா எப்பவும் நிறுத்திருவீங்களே."