அட்டைக்கு எடுத்த கத்தி

தக்காளியின் தோலில் கத்தியை வைத்து இழுத்தாள்.

வழுக்கியது.

மறுபடி இழுத்தாள். தோல் குழிந்ததே தவிர, கீறல் விழவில்லை.

ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மழுங்கியிருந்தது.

மேசைமேல், தர்பூசணியில் அவள் செதுக்கிக்கொண்டிருந்த மணப்பெண் அரைகுறை முகத்தோடு இருந்தாள். நெற்றிச்சுட்டி முடிந்திருந்தது. ஒரு கண் முடிந்திருந்தது. அடுத்த கண்ணுக்கு இமை கீறப் போனதில்தான் சதை பிய்ந்துகொண்டு வந்தது. சிவப்புத் தண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

கல்யாண மேடை ஜோடிக்கிற பக்கிரிசாமியின் காலடியில் வெட்டிப்போட்ட அட்டைகள் முழங்கால் உயரம் கிடந்தன.

"என் கத்திய எடுத்தியா?"

"பத்து நிமிசம்தான்க்கா. அட்டதானே, இரும்பா என்ன? இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறீங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

தர்பூசணி கத்தியை ஒன்றும் செய்யாது. முக்கால்வாசி தண்ணீர். பறங்கித் தோல் கத்தியின் வாயை மடக்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். சேனையைக் கழுவாமல் தொட்டால் மண் கடிக்கும். தேங்காய் ஓடு கத்தியின் ஓரத்தைப் பெயர்க்கும். எல்லாம் சொல்லிவிட்டுச் செய்கிற கெடுதல்.

அட்டை அப்படி இல்லை. மெத்தென்று வழிவிட்டுக்கொண்டே, தீட்டியதையெல்லாம் தின்றுவிடும்.

விடிந்ததும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தீட்டியது. கல் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

சமையல் காண்ட்ராக்டர் உலகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். பிய்ந்த கண்ணைப் பார்த்தார்.

"நாலு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. இந்த மூஞ்சிய வாசல்ல வச்சேன்னா, நாளையிலேந்து பழையபடி வெங்காயத்துக்கே போயிடு."

பதினோரு வருடம் வெங்காயம் உரித்தவள். இந்த மேசைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

கத்தியைக் காட்டி வாய் திறப்பதற்குள் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் பார்த்தாள். பக்கிரியின் சட்டைப்பையில் மஞ்சள் கட்டர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்கிட்டதான் கட்டர் இருக்கே?"

"அதுல புது பிளேடுக்கா. பொண்ணு மாப்ள படத்தச் சுத்தி பிளெக்ஸ் வெட்டணும். அத அட்டையில போட்டா மழுங்கிப் போயிடாது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தெரிந்தேதான்.

அவள் கையை நீட்டி அவன் பையிலிருந்து கட்டரை உருவினாள். அவன் சிரித்தான். பிளேடை நான்கு கட்டம் வெளியே தள்ளினாள். சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் போனான்.

வெந்நீரில் பிளேடைக் கழுவினாள். பிய்ந்த இடத்தை அரை விரல் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டு, உள்சதையில் புதுக் கண் கீறினாள். நன்றாயிருந்த கண்ணையும் அதே ஆழத்துக்கு இறக்கினாள்.

மணப்பெண் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

இருக்கட்டும்.

பக்கிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, மணி மூணாச்சு. படம் இன்னும் வெட்டல. கட்டரக் குடுங்க."

"மாப்ள மூஞ்சி பாக்கி இருக்கு."

அடுத்த தர்பூசணியைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டாள்.

பிறகு தன் கத்தியைத் துணியில் துடைத்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி திருப்பி, மேசைமேல் தள்ளிவிட்டாள்.