சுப்பையன் கேட்ட கண்ணாடி

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ருக்மணி வீட்டு டெலிவிஷனில் படம் நிற்காமல் மேலே மேலே ஓட ஆரம்பித்தது. காஜா பெராங்கில் அந்த வரிசையில் டெலிவிஷன் உள்ள வீடு அது ஒன்றுதான். அன்றைக்கு ஊர்வலம் பார்க்க வரச்சொல்லி எல்லாரிடமும் வேறு சொல்லி வைத்திருந்தாள்.

சாயங்காலம் ரிப்பேர்காரர் சுப்பையன் வந்து பின்பலகையைக் கழற்றினார்.

"பெரிய கண்ணாடி இருந்தா எதிர்ல பிடிம்மா. பின்னால இருந்து திருகறப்ப படம் எனக்குத் தெரியணும். ஆடாம பிடி."

சுவர்க் கண்ணாடியை இறக்கி வந்து திரைக்கு நேரே பிடித்தாள். வலது கையில் திருப்புளியோடு அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். சற்று நேரத்தில் படம் நின்றது.

"நின்னுருச்சு அண்ணே."

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பலகையை மூடி எழுந்து வந்தார்.

ருக்மணி கண்ணாடியை அப்படியே நாற்காலியில் சாய்த்துவிட்டு நாசி லெமாக்கும் கோப்பியும் கொண்டுவந்தாள். சுப்பையன் சோற்றை இடது கையால் பிசைந்து சாப்பிட்டார்.

"சோத்துக்கையில அடி பட்டுருச்சா அண்ணே?"

"இல்லையே" என்றார். அதே கையால் சாப்பிட்டு முடித்து, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

டெலிவிஷனை அணைத்துவிட்டு, சுவரில் மாட்டுவதற்காகக் கண்ணாடியை எடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். அதில் அவள் முகமும், முதுகுக்குப் பின்னால் பெட்டியும் தெரிந்தன. பெட்டிக்குப் பின்னால் சுப்பையன் இன்னும் குனிந்துகொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

கண்ணாடிக்குள் அவர் தலையைத் தூக்கி, ஆடாமல் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ருக்மணி ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.