மூன்றாவது பாட்டு

ராக் பாடகன் டென்சில் தன் குரலை இசைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து ஆறு வருடமாகிறது. இப்போது அந்தக் குரல் கம்ப்யூட்டர் வழியாக அவனில்லாமலே ஒரே சாயங்காலத்தில் சேலத்திலும் கொழும்பிலும் மேடையில் கத்துகிறது. பெரம்பூர் வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருக்கும் டென்சிலுக்கு ஒரு வரி பாட உரிமையில்லை. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட போனில் எச்சரிக்கை வந்துவிடும்.

ஒப்பந்தத்தைப் பத்தாம் முறை படித்தபோதுதான் அவனுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பாட்டு வரிகளுக்கு நடுவே அவன் இழுத்த மூச்சையெல்லாம் வேண்டாமென்று கம்பெனி வெட்டி எறிந்திருந்தது. மூச்சு இன்னும் அவனுடையதுதான்.

வெறும் மூச்சை வைத்தே நாற்பது நிமிடத்துக்கு ஓர் ஆல்பம் செய்து, வேறு பெயரில் வெளியிட்டான். கேட்ட நாலைந்து பேரும், “பாட்டு எப்ப ப்ரோ ஆரம்பிக்கும்?” என்று எழுதிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு வாரம் ஈ காக்கைகூட வரவில்லை.

எட்டாம் நாள் மதியம் போன் அடித்தது. பிரிந்துபோய் ஒன்பது வருடமான மனைவி ரெஜினா.

“அது நீங்கதானே?”

“எப்படித் தெரிஞ்சுது? என் பேரே போடலையே.”

“பேரு எதுக்கு? பதினாலு வருஷம் பக்கத்துல படுத்திருந்தேன்.” அவள் குரல் கண்டிப்பானது. “மூணாவது பாட்டுல வீசிங் கேக்குது. இன்ஹேலர் கையில இருக்கா, இல்லையா?”

இன்ஹேலர் அவன் காதில் விழவேயில்லை.

“இப்ப என்ன சொன்ன ரெஜி? பாட்டுன்னா சொன்ன?”