பதினொன்றரை கிலோ

மனைவியின் இறப்புச் சான்றிதழோடு தையற்காரர் விமான நிறுவனத்தின் கவுண்டரில் நின்றார். நாளைய பயணத்துக்கு எடுத்த இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டும்.

அங்கிருந்த பெண் நான்கு முறை முயன்றாள்.

“உங்களோடது ரத்தாயிடுச்சு சார். உங்க மனைவியோடது ஆக மாட்டேங்குது. பெட்டியை ஏத்தியாச்சுன்னு காட்டுது.”

“ஃப்ளைட்டே நாளைக்குத்தானேம்மா?”

“அதான் எனக்கும் புரியல. பெட்டி பதினொன்னரை கிலோவாம்.”

“அவ தனியா எங்கயும் போனதில்லையேம்மா” என்றார்.

வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவள் அடுக்கிப் பூட்டிய பெட்டி கட்டிலடியில் அப்படியே இருந்தது. அன்று எடை போட்டவர் அவர்தான். பதினொன்றரை. சாவிகூட இன்னும் அவருடைய சட்டைப்பையில்தான் கிடந்தது.

இடுப்புவலிக்காரர். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கினார்.

காலிப் பெட்டிபோல், ஒற்றை விரலுக்கே மேலே வந்தது.