போகிறவளிடம் கேட்டது

சனிக்கிழமை காலை. பனி இன்னும் விடுதிக் கேட்டின் கம்பிகளில் நீராக வழிந்துகொண்டிருந்தது. அருள்மேரி சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

கன்னியர் மடத்துப் பள்ளியின் விடுதிப் பெண்கள் வாரத்தில் ஒருநாள் வெளியே போகலாம். போகிற ஒவ்வொருத்தியிடமும் மேட்ரனான அவள் கேட்க வேண்டும். எங்கே போகிறாய், எப்போது வருவாய்?

அவ்வளவுதான் விதி. வந்த நாளிலிருந்து அவள் தவறவிட்ட ஒரே விதியும் அதுதான்.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. இலங்கை மலைநாட்டுக் குளிருக்குக் கம்பளிக் காலுறை போடப் பழகினாள். விடியுமுன் மணியடித்து எழுப்பினாள். அழுகிற சின்னதுகளைப் பிடித்து உட்காரவைத்துப் பேன் பார்த்தாள். படுக்கையை நனைத்தவளின் விரிப்பை மற்றவர்கள் பார்க்குமுன் அலசிப் போட்டாள். முதல் மாதம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். இப்போது அதுவும் இல்லை.

பிள்ளைகள் அவளைக் கேலி செய்யும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அழைத்துப் போகும்போது, கடைத்தெருவில் எதிர்ப்படும் ஆண்களின் முகத்தை ஒன்று விடாமல் அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"மேட்ரன் நமக்கு மாப்பிள்ளை தேடுறாங்கடி."

வரிசை முழுவதும் குலுங்கியது. அவளும் சிரித்துவைத்தாள்.

கேட்டில் மட்டும் வாய் எழவில்லை.

அவளுடைய தனுஷ்கோடியில், கடலுக்குக் கிளம்புகிறவரை யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்கவே மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெடும். போனவர் திரும்பாமலும் போகலாம். மனைவி அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வழியனுப்புவது என்றால் அதுதான்.

கேட்டைத் தாண்டும் பிள்ளையைப் பார்த்ததும் அருள்மேரியின் முகமும் தானாகத் திரும்பிக்கொண்டது.

போன சனிக்கிழமை ஒரு சிறுமி இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். அதுவரை அவளை எந்தப் பக்கம் போய்த் தேடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மதர் கூப்பிட்டு விசாரித்தார். அருள்மேரி ஊர் வழக்கத்தைச் சொன்னாள்.

"ஐயோ பாவம், மனுசனைக் கடல் கொண்டுபோட்டுது போல" என்று யாழ்ப்பாணத்து சிஸ்டர் பிலோமினா மெல்லச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அருள்மேரி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலைச் செபத்தில் அவள் கணவன் வேதமுத்துவின் ஆன்மாவுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். அவளும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

ஆனாலும் விதி விதிதான். இந்த வாரமும் கேட்காவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவதாக மதர் சொல்லிவிட்டார். ஊரில் அவளுக்கு இருந்தது, யாரோ ஒருவருடைய மணலில் கருவாடு புரட்டிப் போடுகிற வேலை மட்டும்.

முதலில் வந்தவள் சண்முகவள்ளி. கடைசி வகுப்புப் பெண். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகள். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். கோட்டுக்குக் கீழே விரல் அகலத்துக்குப் பட்டுக்கரை தெரிந்தது.

கடைத்தெருவுக்குப் போகிற பிள்ளை பட்டு உடுத்துவதில்லை.

அருள்மேரியின் முகம் திரும்பத் தொடங்கியது.

பின்னால் குடையோடு நின்ற சிஸ்டர் பிலோமினா பொறுமையிழந்தார். "என்ன மேரி, வாயுக்குள்ள கொழுக்கட்டையோ?"

அருள்மேரி கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதன் ஈரம் முழங்கைவரை ஏறியது.

"எங்கன போற தாயி?"

"தையக்காரர்கிட்ட, மேட்ரன்."

"எப்ப வருவ?"



கீழே ஸ்டேஷனில் ரயில் கூவியது. சண்முகவள்ளியின் கண்கள் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தன. கோட்டின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

ரயில் நகர்ந்து, அதன் சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு போய் மறையும்வரை அவள் நகரவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, விடுதிக்குள் திரும்பி நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

சிஸ்டர் பிலோமினா அருள்மேரியின் தோளைத் தட்டினார்.

"பாத்தியே? நீ கேட்டதால ஒருத்தரும் செத்துப்போகேல்லை. மதரிட்ட நான் சொல்லுறன். இனி நீ இஞ்சைதான்."

அருள்மேரி தலையாட்டினாள். அடுத்த பெண் வந்தாள். அவளிடமும் கேட்டாள். அதற்கடுத்தவளிடமும் கேட்டாள். இப்போது குரல் தடங்கவில்லை.

தனுஷ்கோடியில், அவன் கிளம்பிய அன்று காலை, வேதமுத்து தன் கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டிருந்தான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். கடலுக்குப் போகிறவன் செருப்பு மாட்டுவதில்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் உடனே போய்விடவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான்.

மதியம் இலங்கைக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் ஊதிக்கொண்டு கிளம்பியபோது அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுடைய வலை கொடியிலேயே கிடந்தது.